தாய்லாந்தின் இரவுக் கடைவீதி: இலாபம் யார் கல்லாவில்?

ஆண்டு இலக்கை முடித்த கடைக்காரர்களையும் விநியோகஸ்தர்களையும் கம்பெனிகள் பாங்காக்குக்கும் பட்டாயாவுக்கும் அழைத்துச் செல்வது இன்று நம் தொழிலில் சாதாரணமாகிவிட்டது. போய் வந்தவர்களில் ஒரு சாரார் அங்குள்ள இரவு வாழ்க்கையைப் பற்றி வாயே திறப்பதில்லை. மற்றொரு சாராரோ, "இரவு மூன்று மணிக்கும் அங்கே பணம் புரள்கிறது. நம் கடற்கரை ஊர்களையும் அப்படி ஆக்கினால் வணிகர்கள் நாலு காசு பார்க்கலாமே" என்று பேசுகிறார்கள். முதல் சாராரின் மௌனம் அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது. இரண்டாமவர்களின் பேச்சு நம் எல்லோருடைய பிழைப்பையும் தொடுவது. ஆகவே அதைப் பற்றி ஒரு வணிகனின் கண்ணோடு பார்த்துவிடுவது நல்லது.

வெளிநாட்டாருக்கான இரவுக் கேளிக்கை தாய்லாந்தில் சுமார் அறுபது ஆண்டுகளாகப் பெரும் வியாபாரமாக நடந்து வருகிறது. இந்த அறுபது ஆண்டுகளில் வாடிக்கையாளர் பலமுறை மாறினார். கடைகள் மாறின. சட்டங்கள் மாறின. அப்படி மாறிய ஒவ்வொரு முறையும் நட்டம் யாருக்கு, இலாபம் யாருக்கு என்று பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால், நம்மைப் போன்ற சிறு வணிகருக்குப் பாடம் இருக்கிறது.

சிப்பாய்களுக்காகத் திறந்த கடை

வியட்நாம் போர்க்காலத்தில் உதோன், கோராத், உபோன், உ-தபாவ் முதலிய இடங்களில் அமெரிக்க விமானப்படைத் தளங்கள் இருந்தன. 1960களின் இறுதியில் தாய்லாந்தில் தங்கியிருந்த அமெரிக்கப் படையினர் மட்டும் சுமார் 50,000 பேர். இது போதாதென்று 1967ல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டு, வியட்நாமில் சண்டையிட்ட சிப்பாய்களும் சில நாள் ஓய்வு விடுப்பில் தாய்லாந்துக்கு வந்து போகலாயினர். கையில் டாலர், மனத்தில் நாளை உயிரோடு இருப்போமா என்ற எண்ணம். இப்படிப்பட்ட வாடிக்கையாளர் பேரம் பேசுவாரா?

இதில் ஒரு விந்தை உண்டு. 1960லேயே தாய்லாந்து அரசு விபசாரத்தைச் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. ஆனால் 1966ல் மதுக்கூடம், நடன அரங்கு, மசாஜ் நிலையம் போன்றவற்றுக்கு உரிமம் வழங்கும் இன்னொரு சட்டம் வந்தது. முன்வாசல் பூட்டப்பட்டது, பக்கவாசலுக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. உள்ளே நடப்பது சட்டவிரோதம், கட்டடம் மட்டும் சட்டப்படியானது. இந்த ஏற்பாட்டில் மாமூல் வாங்குபவனுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பாங்காக்கின் புதிய பெட்சபுரி சாலை முழுவதும் சிப்பாய்களை நம்பி மதுக்கூடங்கள் முளைத்தன. மீனவக் கிராமமாக இருந்த பட்டாயா விடுதி ஊராயிற்று. 1975, 1976ஆம் ஆண்டுகளில் படைகள் வெளியேறின. எங்கோ ஒரு தலைநகரத்தில் எடுத்த முடிவால், தளத்து ஊர்களின் கடைவீதிகள் வாடிக்கையாளர் இல்லாமல் நின்றன. கடன் வாங்கி மேசை நாற்காலி போட்டவர், பனிக்கட்டி சப்ளை செய்தவர், துணி வெளுத்தவர், வேலை பார்த்த பெண்கள் ஆகியோர் எல்லோரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்தனர். ஒரே வகை வாடிக்கையாளரை நம்பிய ஊர், அவர் போனதும் என்ன ஆகும் என்பதற்கு இது முதல் பாடம்.

அரிசியை முந்திய சுற்றுலா

சிப்பாய் போனார், அவர் உட்கார்ந்த நாற்காலியில் சுற்றுலாப் பயணி வந்து அமர்ந்தார். விமானக் கட்டணம் குறைந்து, ஐரோப்பியரும் ஜப்பானியரும் குழுக் குழுவாக வரத் தொடங்கினர். 1982ல் தாய்லாந்துக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருவதில் அரிசியைச் சுற்றுலா முந்திவிட்டது. உலகுக்கே அரிசி விற்ற நாட்டில் இது சின்ன மாற்றமன்று. 1987ஐ 'தாய்லாந்து வருகை ஆண்டு' என்று அரசே கொண்டாடியது.

நம்மவர்கள் வழிபடச் செல்லும் மாரியம்மன் கோயில், 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பியது, பாங்காக்கின் சீலோம் சாலையில் இருக்கிறது. அதே சாலையிலிருந்து பிரிவதுதான் பட்போங். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1946ல், சீன வம்சாவளிக் குடும்பம் ஒன்று அந்த இடத்தை வாங்கிச் சாலை போட்டது. முதலில் அங்கே அலுவலகங்களும் விமானக் கம்பெனிகளும் இருந்தன. பிறகு மதுக்கூடங்கள் வந்தன. பின்னர் சாலையின் நடுவிலேயே இரவுச் சந்தை வந்தது. குடியிருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்; சாலை தனியாருடையது, வாடகை தொடர்ந்து அந்தக் குடும்பத்துக்கே போயிற்று. சோய் கௌபாய் என்ற சந்துக்கு, 1977ல் அங்கே மதுக்கூடம் திறந்த முன்னாள் அமெரிக்கப் படைவீரர் ஒருவரின் பட்டப்பெயரே பெயராயிற்று. நானா பிளாசா 1980களின் தொடக்கத்தில் சாதாரணக் கடை வளாகமாகத்தான் எழுந்தது. சில ஆண்டுகளில் மூன்று மாடியும் மதுக்கூடமாகிவிட்டது. அதிக வாடகை தருபவன் வந்தால் அண்டை வீட்டு மளிகைக் கடைக்கும் தையற்கடைக்கும் அங்கே இடமேது?

இன்னொரு தெருவின் கதையை அரிசி வணிகர்கள் குறிப்பாகக் கேட்க வேண்டும். 1892ல் ஐந்தாம் ராமர் மன்னர் காலத்தில் போடப்பட்ட காவோ சான் தெருவின் பெயருக்குப் பொருள் 'குத்திய அரிசி'. ஒரு காலத்தில் அது பாங்காக்கின் அரிசிச் சந்தை. 1980களில் முதுகில் மூட்டையோடு வரும் வெளிநாட்டு இளைஞர்களுக்காக அங்கே மலிவு விடுதிகள் ஏற்பட்டன. பிறகு அவை மதுக்கூடங்களாயின. இன்று அந்தத் தெருவில் அரிசி பெயரில்தான் இருக்கிறது.

உயிர்களின் கணக்கு

இரவுக் கடைகளில் வேலை பார்த்த பெண்களில் பெரும்பாலோர் ஈசான் என்ற வடகிழக்குப் பகுதியிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். ஈசான் மல்லிகை அரிசி விளையும் பூமி. மழையை நம்பி ஒரு போகம் விளையும். அது பொய்த்தால் கடன். அந்த அரிசி விளைவித்த வீட்டின் மகள்தான் பாங்காக்குக்கும் பட்டாயாவுக்கும் பஸ் ஏறினாள். அவள் அனுப்பிய பணத்தில் கூரை ஓடாயிற்று, தம்பி படித்தான், கடன் அடைந்தது என்பதெல்லாம் உண்மை. அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

ஆனால் அந்தப் பணம் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மதுக்கூடத்தில் வாடிக்கையாளர் அவளுக்கு வாங்கிக் கொடுக்கும் பானத்தில் அவளுக்கு ஒரு சிறு பங்கு. அவளை வெளியே அழைத்துச் செல்ல வேண்டுமானால் கடைக்காரருக்குத் தனியாக ஒரு தொகை கட்ட வேண்டும். தாமதமாக வந்தால் பிடித்தம். மாதத்தில் இத்தனை பானம் என்று பல கடைகளில் அவளுக்கும் இலக்கு உண்டு. இலக்கை முடித்த மகிழ்ச்சியில் இங்கிருந்து போய் அமரும் நம் நண்பர், எதிரே சிரிக்கும் பெண்ணும் இலக்குக்காகவே சிரிக்கிறாள் என்பதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கட்டும்.

1984 ஜனவரியில் புக்கெட்டில் ஒரு விடுதி தீப்பற்றியது. உள்ளே பூட்டி வைக்கப்பட்டிருந்த ஐந்து இளம்பெண்கள் வெளியேற வழியின்றி மாண்டனர். நாடே அதிர்ந்தது. அடுத்து எய்ட்ஸ் வந்தது. 1989ல் சியாங் மாய் விடுதிப் பெண்களிடம் நடத்திய சோதனையில் 100க்கு 44 பேருக்குக் கிருமி இருப்பது தெரிந்தது. சுற்றுலா வருமானம் கெடும் என்று அஞ்சி முதலில் அடக்கி வாசித்த அரசு, பிறகு விழித்துக்கொண்டது. மெச்சாய் விரவைத்யா என்ற பொதுத் தொண்டர் ஆணுறையைப் பற்றி நாடு முழுவதும் கூச்சமின்றிப் பேச வைத்தார்.

1989ல் ராட்சபுரி மாகாணத்தில் தொடங்கி 1991ல் நாடெங்கும் விரிந்த திட்டம் ஒன்று நம் கவனத்துக்குரியது. எந்த விடுதியிலும் ஆணுறை இன்றி வாடிக்கையாளரை ஏற்கக் கூடாது. மீறிய விடுதி மூடப்படும். ஒரு விடுதி மட்டும் கட்டுப்பாடாக இருந்தால் வாடிக்கையாளர் அடுத்த விடுதிக்குப் போய்விடுவார். எல்லா விடுதியும் ஒரே விதியைக் கடைப்பிடித்ததால் அவர் போக இடமில்லை. புதிதாகத் தொற்றுபவர் எண்ணிக்கை அந்தப் பத்தாண்டிலேயே வெகுவாகக் குறைந்தது. கடன் கொடுப்பதிலும் விலை வெட்டுவதிலும் ஒருவரையொருவர் மிஞ்சி நட்டப்படும் நம் கடைவீதிகளுக்கு, ஒற்றுமைக் கட்டுப்பாடு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். மதுக்கூடப் பெண்களும் அதைப் புரிந்துகொண்டார்கள். 1980களின் நடுவில் பட்போங்கில் அவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்துத் தொடங்கிய எம்பவர் என்ற அமைப்பின் துணையோடு, 2006ல் சியாங் மாயில் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு, பிடித்தம் இல்லாத, முறையான விடுப்பும் காப்பீடும் உள்ள ஒரு மதுக்கூடத்தைத் தாங்களே திறந்தார்கள்.

நிலம் யாருடையதோ, இலாபமும் அவருடையதே

1997 ஜூலையில் தாய்லாந்து நாணயம் சரிந்தது. டாலருக்கு 25 பாட் என்றிருந்தது, ஆறே மாதத்தில் 55ஐத் தாண்டியது. உள்ளூர்க்காரனுக்கு அது இடி. வெளிநாட்டானுக்கோ எல்லாம் பாதி விலை. கூட்டம் மேலும் பெருகியது. கூட்டம் பெருகியதும் நிலத்தின் விலையும் ஏறியது. அதன் பிறகு நடந்ததுதான் சிறு கடைக்காரர் மறக்கக் கூடாத பகுதி.

2003 ஜனவரி 26 அன்று விடியுமுன், சுகும்வித் 10வது சந்தில் இருந்த பீர் கடைகளும் சிறு கடைகளும் நூற்றுக்கணக்கான ஆட்களாலும் இயந்திரங்களாலும் தரைமட்டமாக்கப்பட்டன. காலையில் கடை திறக்க வந்தவர்கள் கண்டது மண்மேடு. அந்த நிலத்தின் தொடர்பில் வழக்கில் சிக்கியவர், மசாஜ் நிலையங்களால் செல்வந்தரான சூவித் கமோல்விசித். காவல்துறைக்கு மாதந்தோறும் பெருந்தொகை கொடுத்து வந்ததாக அவரே பகிரங்கமாகச் சொன்னார். பிறகு பாராளுமன்ற உறுப்பினரும் ஆனார். 13 ஆண்டுகள் கழித்து, 2016ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. நீதி வந்தது, ஆனால் கடை இழந்தவனின் 13 ஆண்டு வியாபாரம் வருமா?

இது அடாவடியாக நடந்தது. முறைப்படி நடந்ததும் உண்டு. லும்பினி பூங்கா அருகே 2001ல் தொடங்கிய சுவான் லும் இரவுச் சந்தை, குடும்பத்தோடு வரும் பயணிகளுக்குப் பிடித்தமான இடமாக இருந்தது. கைவினைப் பொருளும் துணியும் உணவும் விற்ற சிறு கடைகள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தன. 2011ல் அது மூடப்பட்டது. அந்த நிலத்தில் 2024ல் 'ஒன் பாங்காக்' என்ற மாபெரும் வளாகம் திறக்கப்பட்டது. அதைக் கட்டியது, சாங் பீர் அதிபர் சரோன் சிரிவதனபக்தி குடும்பத்தின் குழுமம். ஆற்றங்கரையில் 2012ல் திறந்த ஏசியாட்டிக் என்ற இரவுச் சந்தையும் அவர்களுடையதே. பீரும் அவருடையது, பீர் குடிக்கும் இடமும் அவருடையது. 2016 முதல் பிக் சி என்ற பேரங்காடித் தொடரும் அவருடையதாயிற்று.

நடைபாதைக் கடைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். காவோ சான் தெருவை உலகறியச் செய்தது அவர்களுடைய நூடுல்ஸும் பழச்சாறும் சட்டைகளும். 2018 ஆகஸ்டு முதல் மாலை ஆறு மணிக்கு மேல் நள்ளிரவு வரை, குறித்த இடத்தில் மட்டுமே விற்க வேண்டும் என்று மாநகராட்சி உத்தரவிட்டது. பகல் வியாபாரம் போயிற்று. அவர்கள் திரண்டு எதிர்த்தார்கள்.

முதல் கிளை எங்கே திறந்தது?

நம் உறுப்பினர்கள் மனத்தில் நிறுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தாய்லாந்தில் செவன் லெவன் சங்கிலிக் கடையின் முதல் கிளை திறந்த ஆண்டு 1989. திறந்த இடம் பட்போங். இரவெல்லாம் நடமாட்டம் உள்ள தெரு என்பதால் 24 மணி நேரக் கடைக்கு அதுவே தகுந்த சோதனைக் களமாயிற்று. நடத்தியது கோழித் தீவனத்தில் வளர்ந்த சி.பி. குழுமம். 2023 இறுதியில் அந்நாட்டில் செவன் லெவன் கிளைகள் 14,500க்கு மேல்.

தாய்லாந்திலும் நம் ஊர்போல் தெருமுனை மளிகைக் கடைகள் உண்டு. பெரும்பாலும் சீன வம்சாவளியினர் நடத்துபவை. சோஹுவாய் என்று பெயர். கடைக்குப் பின்னாலேயே வீடு, வாடிக்கையாளருக்குக் கடன் நோட்டு, காலையில் தாத்தாவும் மாலையில் பேரனும் கல்லாவில். பட்போங்கில் விளக்கேற்றிய சங்கிலிக் கடை அந்தச் சோஹுவாய்களின் வாசலுக்கே வந்து நின்றது. அவர்கள் கொள்முதல் செய்த மாக்ரோ என்ற மொத்த விற்பனை நிலையத்தை 2013ல் அதே குழுமம் வாங்கிக்கொண்டது. 2020ல் டெஸ்கோ லோட்டஸ் பேரங்காடிகளும் அதன் கைக்குப் போயின. எதிர்க்கடைக்காரனிடமே சரக்கு வாங்கி எதிர்க்கடைக்காரனோடு போட்டியிடும் நிலை.

கூட்டம் வந்தால் நம் கடைக்கும் வியாபாரம் என்று எண்ணுகிறோம். வெளியூர்க் கூட்டம் தனக்குத் தெரிந்த பெயர்ப்பலகையைத் தேடிப் போகும். அவனுக்கு நம் அப்பா பெயர் தெரியாது. நம் சரக்கின் தரம் தெரியாது. கடன் நோட்டும் வேண்டாம். முப்பது வருடம் சேர்த்த நற்பெயர் அவனிடம் செல்லாக் காசு.

மூடச் சொன்னால் மூடு, திறக்கச் சொன்னால் திற

2020 மார்ச்சில் கொரோனாவால் கேளிக்கைக் கடைகள் மூடப்பட்டன. இடையில் திறந்து மீண்டும் மூடி, 2022 ஜூனில்தான் முறையாகத் திறந்தன. 2019ல் ஏறக்குறைய 4 கோடிப் பயணிகள் வந்த நாட்டுக்கு 2021ல் வந்தவர்கள் 4 இலட்சத்துச் சொச்சம். நூற்றுக்கு ஒருவர்! சட்டத்தின் கண்ணில் இல்லாத வேலை என்பதால், இரவுக் கடைப் பெண்களில் மிகப் பலருக்கு உதவித் தொகையும் கிட்டவில்லை. ஊருக்குத் திரும்பினார்கள், வயல் மட்டும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை.

பிறகு எல்லாம் அவசர அவசரமாக நடந்தது. 2022 ஜூனில் கஞ்சா போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான கடைகள் திறந்தன. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்றார்கள். போட்ட முதல் என்ன ஆகும் என்று எவரும் கேட்கவில்லை. 2001லும் 2004லும் மூடும் நேரத்தை இறுக்கிய அதே அரசு இயந்திரம், 2023 டிசம்பரில் பாங்காக், புக்கெட், பட்டாயா முதலிய இடங்களில் அதிகாலை 4 மணிவரை திறக்கலாம் என்றது. 2023 நவம்பரில் இந்தியருக்கு விசா விலக்கு வந்தது. 2024ல் வந்த மூன்றரைக் கோடிப் பயணிகளில் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியர். பட்டாயாவின் நடைவீதியில் ஒரு காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்க்குப் பாட்டுப் போட்டார்கள், பிறகு ரஷ்யருக்கு, இப்போது இந்திப் பாட்டு. நாளை யாருக்கோ?

நம் கருத்து

தாய்லாந்து மக்கள் உழைப்பாளிகள், விருந்தோம்பல் அறிந்தவர்கள். அவர்களைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. வந்தவர்கள் கேட்டதைத்தான் அங்கே விற்றார்கள். கேட்டவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். நாம் சொல்வது இதுதான். வெளியூர்க் கேளிக்கைக் கூட்டத்தை நம்பிய கடைவீதியில் நிலையான இலாபம் நிலக்காரருக்கும், பெருங்குழுமத்துக்கும், மாமூல் வாங்குபவருக்கும் போகிறது. வாடகைக்கு இருப்பவருக்கும் உழைப்பவருக்கும் மிஞ்சுவது நிச்சயமின்மை. அறுபது ஆண்டுகளில் வாடிக்கையாளர் ஐந்தாறு முறை மாறியும் இந்தக் கணக்கு மாறவில்லை.

ஆகவே "நம் ஊரையும் பட்டாயா ஆக்கினால்" என்று பேசுகிறவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கடை இருக்கும் நிலம் யாருடையது, எத்தனை ஆண்டுக்கு எழுத்துமூலம் ஒப்பந்தம்? அந்தக் கூட்டம் ஒரு வருடம் வராவிட்டால் உள்ளூர் வாடிக்கை எத்தனை பேர் மிச்சம்? அந்தக் கடைகளில் வேலைக்கு நிற்கப் போவது யார் வீட்டுப் பெண்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குகிறவர், முதல் இரண்டையும் யோசித்திருக்க மாட்டார்.

கம்பெனி செலவில் பாங்காக் செல்லும் உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரவு விளக்குகளைப் பார்க்க ஆயிரம் பேர் வழிகாட்டுவார்கள். ஒருநாள் காலை ஏழு மணிக்கு எழுந்து ஒரு சோஹுவாய்க் கடை வரை நடந்து போங்கள். பெரியவர் ஒருவர் தூசி தட்டிக்கொண்டிருப்பார். எதிரே எந்தக் கடை இருக்கிறது, அவர் கடைக்கு யார் இன்னும் வருகிறார்கள், எதை வாங்குகிறார்கள் என்று சற்று நின்று கவனியுங்கள். திரும்பி வந்து நம் சங்கக் கூட்டத்தில் அதைச் சொல்லுங்கள். இலக்கை முடித்ததற்குக் கம்பெனி கொடுத்த பரிசைவிட அது நமக்கெல்லாம் பயன்படும்.